எந்தப் படம் எத்தனை காலம் விற்கும்: வேலூர் வட்டாரத்து ஸ்டாக் ஒளிப்படக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், அலாமி, ஐஸ்டாக் போன்ற தளங்களில் படங்களை விற்பனைக்கு வைத்திருப்பவர்கள், மாதக் கடைசியில் வந்த மொத்தத் தொகையைச் சென்ற மாதத் தொகையோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவது வழக்கமாக இருக்கிறது. அந்த மொத்தமோ, சென்ற வாரம் ஏற்றிய படமும் பல ஆண்டுகளுக்கு முன் ஏற்றிய படமும், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் விற்கும் படமும் மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக விற்கும் படமும் சேர்ந்து தந்த தொகை. அதை வயதுவாரியாகவும் வகைவாரியாகவும் பிரித்துப் பார்க்காதவரை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு ஆம்பூருக்குப் போவதா, ஏலகிரிக்கு ஏறுவதா, வீட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்காருவதா என்பதைத் தீர்மானிக்க நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஒரு படம் முதல் மாதத்தில் எவ்வளவு விற்றது என்பதைவிட, அது விற்பனையில் எத்தனை காலம் நீடிக்கிறது என்பதே போர்ட்ஃபோலியோவின், அதாவது நாம் விற்பனைக்கு வைத்திருக்கும் படத் தொகுப்பின், வருமானத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கணக்கேடு

எக்செல் தாளோ கோடு போட்ட நோட்டோ போதும். ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி ஒதுக்கி, படத்தின் எண், எடுத்த நாள், தளத்தில் ஏற்றிய நாள், பொருள் வகை, விற்ற நாள், விற்ற தளம், உரிம வகை, கிடைத்த தொகை ஆகியவற்றை எழுதிவாருங்கள். இவற்றில் பெரும்பாலோர் விட்டுவிடுவது ஏற்றிய நாளைத்தான். அது இருந்தால்தான் படத்துக்கு விற்கும்போது வயது என்ன என்று கணக்கிட முடியும். அது இல்லாத கணக்கேடு வெறும் வரவுச் சீட்டாகவே நின்றுவிடும்.

தொகையை டாலரிலேயே எழுதுங்கள். ரூபாயாக மாற்றி எழுதினால், டாலரின் மதிப்பு ஏறிய ஆண்டில் விற்பனையே ஏறியதுபோல ஒரு தோற்றம் வந்துவிடும். தொகையோடு டவுன்லோட் எண்ணிக்கையையும், அதாவது படம் எத்தனை முறை வாங்கப்பட்டது என்பதையும், தனியாக எழுதுவது கட்டாயம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் முதல் ஆறு படிகள் கொண்ட ராயல்டி முறையைப் பின்பற்றுகிறது. அந்த ஆண்டில் நாம் எட்டிய டவுன்லோட் எண்ணிக்கையைப் பொறுத்து நமக்குரிய பங்கு 15 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடு வரை உயரும், ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் எல்லோரும் முதல் படிக்கே திரும்பிவிடுவோம். ஆகவே டிசம்பரில் விற்ற அதே படம் ஜனவரியில் அதே அளவு விற்றாலும் பணம் குறையும். தொகையை மட்டும் பார்ப்பவர் படத்துக்கு வயதாகிவிட்டது என்று எண்ணுவார். எண்ணிக்கையைப் பார்ப்பவர் விற்பனை குறையவில்லை என்பதை அறிவார். அடோபி ஸ்டாக்கில் ஒளிப்படங்களுக்கு 33 விழுக்காடு என்ற நிலையான பங்கு இருப்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

விற்ற நாளிலும் ஒரு கவனம் வேண்டும். ஐஸ்டாக் மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்குக் காட்டுகிறது. அலாமியில் செய்தித்தாள்கள் பயன்படுத்திய படங்கள் பல வாரங்களோ மாதங்களோ கழித்துப் பதிவாவது உண்டு. ஒரு நிகழ்வுக்கும் விற்பனைக்கும் உள்ள தொடர்பைத் தேடும்போது இந்தத் தாமதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு முறை வரும் பெரிய உரிமத் தொகையைத் தனிப் பத்தியில் எழுதுவது நல்லது. அதைச் சராசரியில் சேர்த்தால் அந்த வகைப் படங்கள் அனைத்தும் நன்றாக விற்பதாக ஒரு பொய்யான நம்பிக்கை பிறக்கும்.

கணக்கேடு ஓராண்டு நிறைந்ததும், ஒரே காலாண்டில் ஏற்றிய படங்களை ஒரு தொகுதியாகக் கொண்டு, அந்தத் தொகுதி தன் முதல் மூன்று மாதத்தில், அடுத்த மூன்று மாதத்தில், அதற்கடுத்த மூன்று மாதத்தில் எத்தனை முறை விற்றது என்று வரிசையாக எழுதுங்கள். பிறகு அதைப் பொருள் வகைக்கு ஒன்றாகப் பிரியுங்கள். ஒரே மேசையில் ஒரே பொருளை இருபது கோணத்தில் எடுத்திருந்தால் அந்த இருபதையும் ஒரு தொடராக எண்ண வேண்டும். வாங்குபவர் அதில் ஒன்றையோ இரண்டையோதான் எடுப்பார், மற்றவை விற்காததை அந்தப் பொருளின் தோல்வியாகக் கருதக் கூடாது. தொடரின் மொத்த வரவிலிருந்து பேருந்துக் கட்டணம், மாடலுக்குக் கொடுத்த பணம், வாங்கிய பொருள்களின் விலை ஆகியவற்றைக் கழித்தால் அந்தத் தொடரின் உண்மையான வருமானம் தெரியவரும்.

நீண்ட காலம் விற்பவை

இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது, எந்த மாதத்திலும் பெரிதாக விற்காமல், அதே சமயம் நின்றுவிடாமலும் விற்றுக்கொண்டிருக்கும் ஒரு வகை எல்லோருடைய கணக்கிலும் இருக்கும். காலம் தெரியாத படங்கள் அவை: பொருளின் மேற்பரப்பு, தனி உணவுப் பொருள், கைகளின் வேலை, நோய், சேமிப்பு, கல்வி போன்ற கருத்துகளைச் சொல்லும் காட்சி. அவற்றில் ஆண்டு தெரியாது, உடை தெரியாது, நிறுவன முத்திரை தெரியாது. வடிவமைப்பாளர் இன்று தேடினாலும் ஆறு ஆண்டு கழித்துத் தேடினாலும் அவை அதே அளவுக்குப் பயன்படும்.

இந்த வகைக்கு நம் வட்டாரம் மிகவும் வளமானது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளு கத்திரிக்காயை வெள்ளைப் பின்னணியில், காம்பின் முள் தெளிவாகத் தெரியும்படி எடுத்த படத்துக்குப் போட்டி குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலிலிருந்து கிடைக்கும் தோல் துண்டுகளை நல்ல சாய்வு வெளிச்சத்தில் எடுத்தால் மேற்பரப்புப் படங்களாகும். காலணி தைக்கும் கையும் ஊசியும், முத்திரை இல்லாத செருப்பும், சீரக சம்பா அரிசியும் அப்படியே. கரிகிரி மண்பாண்டங்களையும் குடியாத்தத்துக் கைலித் துணியின் கட்டங்களையும் இவற்றோடு சேர்க்கலாம்.

மருத்துவம் இன்னொரு பெரிய வாய்ப்பு. மருத்துவமனைக்குள் அனுமதியில்லாமல் படமெடுக்கக் கூடாது, எடுக்கவும் வேண்டாம். நோயாளியின் அந்தரங்கம் நம் விற்பனையைவிடப் பெரியது. வாடகைக்குக் கிடைக்கும் சக்கர நாற்காலி, மாத்திரைகள், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஆகியவற்றோடு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட உறவினர் ஒருவரை வீட்டிலேயே உட்கார வைத்து எடுத்த படங்கள் பல ஆண்டுகள் விற்கும். இந்திய முகம் கொண்ட முதியவர், இந்திய வீட்டின் சுவர், ஸ்டீல் டம்ளர் ஆகியவை அந்தப் படத்துக்குத் தனித்தன்மை தருகின்றன. அதற்கு எதிர்முனையில், சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் விடுதிகளும் உணவகங்களும் இருக்கின்றன. அவற்றின் படங்கள் எடிட்டோரியல் வகையை, அதாவது விளம்பரத்துக்கு அல்லாமல் செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டுமே விற்கும் வகையைச் சேர்ந்தவை. வெளிமாநிலங்களிலிருந்து சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் மக்களைப் பற்றி எழுதுபவர்களுக்கு இவற்றைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கடினம்.

ஆண்டுக்கு ஒரு முறை விற்பவை

பொங்கல், தீபாவளி, ஆயுதபூசை, சுதந்திர தினம் ஆகியவற்றின் படங்களை மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதில் பொருளில்லை. ஜனவரியை ஜனவரியோடும் அக்டோபரை அக்டோபரோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். பொங்கலுக்கான விளம்பரத்தை வடிவமைப்பவர் டிசம்பரிலேயே படத்தை வாங்கிவிடுவார். தீபாவளிக்கு ஆகஸ்டு, செப்டம்பரிலேயே தேடத் தொடங்குவார்கள். பண்டிகைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே படம் தளத்தில் இருக்க வேண்டும் என்பதால், ஜனவரியில் கரும்பும் மண்பானையும் வைத்து எடுத்த படம் உண்மையில் அடுத்த ஆண்டுக்கான படம். அதை எடுத்த உடனே ஏற்றுவதைவிட, திருத்தி முடித்து வைத்துக்கொண்டு அக்டோபர் கடைசியில் ஏற்றுவதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது; புதிய படங்களுக்குத் தேடலில் கிடைக்கும் தொடக்கக் கவனம், யாரும் பொங்கலைத் தேடாத பிப்ரவரியில் வீணாக வேண்டியதில்லை. கோலத்தில் ஆண்டின் எண்ணை எழுதிய படம் ஒரே ஆண்டில் முடிந்துவிடும் என்பதால், எண் இல்லாத கோலத்தையும் அதே இடத்தில் எடுத்து வையுங்கள்.

மகா சிவராத்திரியை ஒட்டிப் பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளையும், வைகாசி முதல் நாளில் குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவும் இதே சுழற்சியைக் கொண்டவை, ஆனால் விற்பனை மிக மெதுவானது. கூட்டத்தில் உள்ள அனைவரிடமும் ஒப்புதல் பெற இயலாததால் அவை எடிட்டோரியலாக மட்டுமே போகும். வாங்குபவர்கள் பத்திரிகைகளும் பாடநூல் வெளியீட்டாளர்களும் பண்பாட்டு ஆய்வாளர்களும்தான். படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, நாள், ஊர், சடங்கு ஆகியவற்றைப் பிழையின்றி விளக்கத்தில் எழுதினால் அவை பல ஆண்டுகள் பயன்படும்.

உறங்கி எழுபவை

கணக்கேட்டில் என்னை மிகவும் ஈர்க்கும் வகை இதுதான். பல மாதங்கள் ஒரு விற்பனையும் இல்லாமல் கிடந்து, ஏதோ ஒரு வாரத்தில் பலமுறை விற்று, மீண்டும் அடங்கிவிடும் படங்கள் இவை. வறண்ட பாலாற்று மணற்படுகையின் படம் சாதாரண நாளில் யாருக்கும் தேவைப்படாது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது எடுத்த படங்கள் அந்த வாரத்துச் செய்திக்கு உரியவை. செய்தி பழையதானதும் அவற்றின் முதல் ஆயுள் முடிந்துவிடும். ஆனால் ஒரே பாலத்தின் மேலிருந்து, ஒரே கோணத்தில், வறண்ட படுகையையும் வெள்ளத்தையும் எடுத்து வைத்திருப்பவரின் இணைப்படங்களுக்கு இரண்டாவது ஆயுள் ஒன்று உண்டு: பருவநிலை மாற்றம், நீர் மேலாண்மை, நகர விரிவாக்கம் பற்றிய கட்டுரைகள் எழுதப்படும் போதெல்லாம் அவை தேடப்படும்.

தோல் கழிவுகளால் பாலாறு மாசடைந்ததைப் பற்றிய படங்களும் அப்படியே. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் சுற்றுச்சூழல் சட்டப் பாடங்களில் இடம்பெறுகிறது. 2025 ஜனவரியில் அதே மாசுபாடு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. இத்தகைய நாள்களில் ஓர் ஆசிரியருக்குத் தேவைப்படுவது அன்று எடுத்த படம் அல்ல; ஏற்கெனவே தளத்தில் உள்ள, இடமும் நாளும் தெளிவாக எழுதப்பட்ட படம்தான். கோட்டையும் அதே வரிசையில் வருகிறது. 1806 ஜூலை 10 அன்று நடந்த வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி ஒவ்வொரு ஜூலையிலும் எழுதுகிறார்கள். அகழியும் மதிலும் தெரியும் கோட்டைப் படத்துக்கு அந்த மாதத்தில் தேவை எழுவது இயல்பு. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் கேமரா முக்காலி வைத்து எடுக்க முன் அனுமதி பெறுங்கள். சிரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. வெளியிலிருந்து எடுத்த படத்தையும் எடிட்டோரியலாக மட்டுமே வையுங்கள். காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் வெளித்தோற்றமும் வானியல் செய்திகளின்போது தேவைப்படக் கூடியது.

இந்த வகைக்கு அலாமி போன்ற, எடிட்டோரியல் வாங்குவோர் அதிகம் வரும் தளம் பொருத்தமானது. இவற்றின் பயனை ஓராண்டுக் கணக்கை வைத்து மதிப்பிட வேண்டாம். குறைந்தது மூன்றாண்டாவது காத்திருங்கள்.

காலாவதியாகுபவை

சில படங்கள் மெல்ல மங்குவதில்லை, ஒரே நாளில் பயனற்றவையாகின்றன. 2016 நவம்பர் 8 அன்று பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும், அவற்றை வைத்து எடுத்த சேமிப்பு, கடன், சம்பளம் பற்றிய படங்கள் அனைத்தும் தினசரிப் பயனை இழந்தன. அதற்குப் பதிலாக 2000 ரூபாய் நோட்டை வைத்து எடுத்தவர்களின் படங்களுக்கு, 2023 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது அதே நிலை வந்தது. பணம் என்ற கருத்தை எடுக்கும்போது நாணயம், உண்டியல், கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டு எடுப்பது ஆயுளை நீட்டும். செல்பேசி தெரியும் படங்களும் கருவியின் வடிவம் மாற மாறப் பழையதாகத் தோன்றும். பேசியின் பின்புறத்தை மறைத்து, கையையும் முகத்தையும் முதன்மைப்படுத்துங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு காலாவதி, இடப்பெயரில் இருக்கிறது. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. அதற்கு முன் ஏற்றிய ஆம்பூர்ப் படத்தின் விளக்கத்தில் வேலூர் மாவட்டம் என்று இருந்தால் இன்று அது தவறான தகவல், திருப்பத்தூர் மாவட்டம் என்று தேடுபவருக்கு அந்தப் படம் கண்ணில் படவும் படாது. விளக்கத்தைத் திருத்த அனுமதிக்கும் தளங்களில் புதிய மாவட்டப் பெயரை விளக்கத்திலும், பழைய பெயர்களைக் கீவேர்டிலும் (தேடலில் கிடைப்பதற்காகப் படத்தோடு தரும் சொற்கள்) வைத்துக்கொள்ளுங்கள். வரலாற்று நூல்களுக்குப் படம் தேடுபவர்கள் இன்னமும் வட ஆற்காடு என்றே தேடக் கூடும். குடியாத்தம், வாலாஜாபேட்டை போன்ற ஊர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் சேருங்கள். அடோபி ஸ்டாக்கில் 49 கீவேர்டுகள் வரை தரலாம், முதல் பத்துக்கே முன்னுரிமை. எனவே ஊர்ப்பெயரால் விற்கும் படத்துக்கு ஊர்ப்பெயர் முதலிலும், மேற்பரப்பு போன்ற பொதுப் படத்துக்குப் பொருளின் பெயர் முதலிலும் வர வேண்டும்.

வருமானம் ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது

தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இருந்தும் வருமானம் ஓர் அளவுக்கு மேல் ஏறவில்லை என்பது அனுபவமுள்ளவர்களும் சொல்லும் குறை. காரணத்தை ஓர் எளிய கணக்கில் காணலாம். மாதம் 50 படங்கள் ஏற்றுகிறீர்கள், ஒவ்வொன்றும் 12 மாதம் மட்டும் விற்று நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு முடிவில் விற்றுக்கொண்டிருக்கும் படங்கள் 600. அதன்பின் ஒவ்வொரு மாதமும் 50 புதிதாகச் சேர, 50 பழையவை நின்றுபோகும். பத்து ஆண்டு உழைத்தாலும் விற்பனையில் இருப்பவை அதே 600தான். அதே 50 படங்கள் ஒவ்வொன்றும் 60 மாதம் விற்பவையாக இருந்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் 3000 படங்கள் விற்பனையில் இருக்கும். உழைப்பு ஒன்றே, ஆயுள் மட்டுமே வேறு. அதனால்தான் ஏற்றும் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஆயுளைக் கூட்டுவதே முதல் வேலை என்கிறேன்.

ஆயுள் குறைவதற்குப் பெரும் காரணம் போட்டி. தளங்கள் தம் தேடல் விதிகளை முழுமையாக வெளியிடுவதில்லை. எனினும் புதிய படங்களைத் தனியாகக் காட்டும் வரிசை தளங்களில் உண்டு என்பதும், தொடக்கத்திலேயே வாங்கப்பட்ட படம் தேடலில் மேலே நிலைத்துக்கொள்கிறது என்பதும் அனுபவத்தில் தெரிகிறது. ஏலகிரியின் சூரிய உதயம் போன்ற பொதுவான காட்சியில் நமக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்வார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களும் சேர்ந்துவிட்டன: இன்னொரு படத் தளமான கெட்டி இமேஜஸ் 2022 செப்டம்பரில் அவற்றை மறுத்துவிட்டது, அடோபி ஸ்டாக் அதே ஆண்டு டிசம்பரில், அடையாளக் குறிப்போடு ஏற்கத் தொடங்கியது. எங்கும் இருக்கக்கூடிய மலையையும் எவராகவும் இருக்கக்கூடிய சிரிப்பையும் இயந்திரம் உருவாக்கிவிடும். பாலாற்றுப் பாலத்தின் மேல் குறிப்பிட்ட நாளில் நின்று எடுத்த படத்துக்கு அது மாற்றாகாது, ஏனெனில் அந்தப் படத்தை வாங்குபவர் வாங்குவது சான்றை.

படப்பிடிப்பு நாள்காட்டி

இந்த ஆயுள்களை நம் ஊர் வெயிலோடு பொருத்திக்கொள்வது வசதியானது. அக்கினி நட்சத்திர நாள்களில் வேலூர் வெளிச்சம் வெளிப்புறப் படத்துக்குக் கடுமையானது. அந்த நாள்களை வீட்டுக்குள் எடுக்கும் நீண்ட ஆயுள் படங்களுக்கு ஒதுக்குங்கள். ஜூலைக்குள் தீபாவளி, ஆயுதபூசைத் தொடர்களை முடியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஜவ்வாது மலையும் வயல்களும் பசுமையாக இருக்கும்போது இடம் சார்ந்த எடிட்டோரியல் படங்களுக்குப் போகலாம். எடுக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் நீண்ட ஆயுள் வகைக்கும், மீதியில் பெரும்பகுதியை உறங்கி எழும் வகைக்கும் தருவது என் பரிந்துரை. பண்டிகைக்குக் குறைவாகவும் செய்திக்கு மிகக் குறைவாகவும் போதும்.

ஒப்புதல் படிவத்தை எடுக்கும் அன்றே வாங்கிவிடுங்கள். சிறுவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். படிவம் உள்ள படம் விளம்பரத்துக்கும் செய்திக்கும் விற்கும். இல்லாதது செய்திக்கு மட்டுமே. ஐந்தாண்டு கழித்து நெசவாளர் ஒருவரைத் தேடிப் போய்க் கையெழுத்துக் கேட்பது நடக்காத காரியம்.

ஆண்டுக்கு ஒரு முறை, நிதியாண்டு முடியும் மார்ச்சில், கணக்கேட்டை முழுமையாகப் படியுங்கள். நன்றாக விற்று வந்த தொடர் ஒன்றின் டவுன்லோட் எண்ணிக்கை தொடர்ந்து இரண்டு காலாண்டு குறைந்தால், அது நின்றுபோகும் வரை காத்திராமல் அதே பொருளை வேறு கோணத்தில், புதிய வெளிச்சத்தில் மீண்டும் எடுத்து ஏற்றுங்கள். வாங்குபவரின் தேவை இன்னும் இருக்கிறது, பழைய படம்தான் தேடலில் கீழே போயிருக்கிறது. இரண்டாண்டில் ஒரு முறையும் விற்காத நீண்ட ஆயுள் வகைத் தொடருக்கு, முதல் பத்துக் கீவேர்டுகளை ஒரே ஒரு முறை மாற்றி எழுதிப் பாருங்கள். அடுத்த மார்ச்சிலும் அசைவில்லையென்றால் படங்களை நீக்க வேண்டியதில்லை, அவை இருப்பதால் செலவு எதுவும் இல்லை. அந்தப் பொருளில் புதிய படம் எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, அந்த நேரத்தைக் கணக்கேட்டில் மிக நீண்ட காலம் விற்றுவரும் பொருளுக்கு மாற்றுங்கள்.